அத்தியாயம் 6: கவர்மென்ட் லேப்டாப்புக்கு ராமும் எஸ்எஸ்டியும்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அண்ணா பிறந்தநாள் என்பதால் அந்தத் தேதி. அண்ணா பிறந்த ஊரான காஞ்சிபுரத்துக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அரசு நிறுவனமான எல்காட் மூலம் வந்த லேப்டாப்புகள் பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் மட்டும் பீரோ மேல் கிடக்கிறது. ஆன் செய்தால் விண்டோஸ் எழுந்து வருவதற்குள் காபி குடித்து முடித்துவிடலாம். "இது போச்சுங்க, புதுசு வாங்கிக்கலாம்" என்று எல்லாருமே சொல்லிவிடுவார்கள்.

பெரும்பாலும் அது போகவில்லை. கீபோர்டும் திரையும் நன்றாக இருக்கிற லேப்டாப்பில் ராமைக் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பில் போடவும், புடவை டிசைன் பார்க்கவும், கல்லூரி பிராஜெக்ட் எழுதவும் இன்னும் சில ஆண்டு ஓடும். திருப்புளி பிடிக்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். இந்த வேலை கெட்டுப்போவது அதிகமும் கடையில் தப்பான சாமான் வாங்குவதாலும், நகல் எடுக்காமல் திறப்பதாலும்தான். ஆகவே இந்த அத்தியாயத்தில் பாதிக்கு மேல் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளே வருகின்றன.

## ராமா, எஸ்எஸ்டியா?

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்புக்கு முதலில் எஸ்எஸ்டி. 2 ஜிபி மட்டுமே இருந்தால் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள்.

காரணம் சுருக்கமாக: பழைய ஹார்ட் டிஸ்க்கில் நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு ஒன்று இருக்கிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்க அதன் முள் அங்கும் இங்கும் ஓட வேண்டும். விண்டோஸ் கிளம்பும்போது நடப்பது முழுக்க அந்த ஓட்டம்தான். எஸ்எஸ்டியில் ஓடுவதற்கு முள்ளே கிடையாது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். எதையும் செய்யாமல் இருக்கும்போதே 'டிஸ்க்' என்ற கட்டத்தில் 100 சதவீதம் என்று சிவந்து நின்றால் நோய் ஹார்ட் டிஸ்க்கில். 'மெமரி' 85, 90 என்று நின்றால் ராமும் போதவில்லை.

## கையில் இருப்பது என்ன மாடல்?

1. லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை போனில் படம் பிடியுங்கள். லெனோவோ, ஏசர் என்ற பெயர் மட்டும் போதாது, எண் வேண்டும்.
2. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைத் தொட்டால் எத்தனை ஜிபி, என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். விண்டோஸ் 7 என்றால் இது வராது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போடுங்கள்.
3. 'சிஸ்டம்' பக்கத்தில் 32-பிட்டா, 64-பிட்டா என்று பாருங்கள். 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் ராமைத் தொடாது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் இன்னும் மோசம், அதன் எல்லை 2 ஜிபி. அவற்றை வைத்துக்கொண்டு 8 ஜிபி வாங்கிப் போட்டால் பணம் தண்டம். புதிதாக 64-பிட் இன்ஸ்டால் செய்தாக வேண்டும்.
4. மாடல் எண்ணோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று சேர்த்துத் தேடுங்கள். எந்த ஸ்குரூ எங்கே, ராம் எவ்வளவு வரை ஏற்கும் என்று கம்பெனியே படத்தோடு எழுதி வைத்திருக்கும். யூடியூபில் அதே மாடலைத் திறக்கும் வீடியோ இருந்தால் ஒரு முறை கடைசி வரை பார்த்துவிடுங்கள்.

சில மெல்லிய லேப்டாப்புகளில் ராம் போர்டோடு பற்றவைத்திருக்கும். 32 அல்லது 64 ஜிபி மட்டுமே இடமுள்ள மலிவு லேப்டாப்புகளில் சேமிப்பும் அப்படியே. அவற்றுக்கு இந்த அத்தியாயம் உதவாது.

## கடைக்குக் கொண்டு போகும் சீட்டு

டிடிஆர்3 லேப்டாப் ராமுக்கு 204 பின், டிடிஆர்4-க்கு 260. பள்ளம் இருக்கும் இடமும் வேறு. ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் நுழைக்கவே முடியாது. 'கொஞ்சம் அழுத்தினால் போகும்' என்று தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

ஏமாறும் இடம் டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-க்கும் நடுவே. உருவத்தில் இரண்டும் ஒன்றே. முன்னது 1.5 வோல்ட், எல் போட்டது 1.35 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறை தொடங்கி லேப்டாப்புகள் எல் போட்டதைத்தான் கேட்கும். வெறும் டிடிஆர்3 போட்டால் திரை இருட்டாகவே நிற்கும். எல் போட்ட ராமோ 1.5 வோல்ட்டிலும் வேலை செய்யும். எனவே சந்தேகமாக இருந்தால் டிடிஆர்3எல் வாங்குங்கள். ஸ்டிக்கரில் 'பிசி3எல்-12800எஸ்' என்று இருந்தால் அது 1600 வேகமுள்ள டிடிஆர்3எல் லேப்டாப் ராம்.

இன்னொரு பொடி எழுத்தும் உண்டு, கடைக்காரர்களில் பலரே அதைப் பார்ப்பதில்லை. 8 ஜிபி டிடிஆர்3எல் வாங்கும்போது ஸ்டிக்கரில் '2ஆர்எக்ஸ்8' என்று இருக்கிறதா பாருங்கள். இரு பக்கமும் எட்டெட்டு, மொத்தம் 16 கறுப்புச் சில்லுகள் இருக்கும். '1ஆர்எக்ஸ்8' என்றால் மொத்தமே எட்டுதான், ஒவ்வொன்றும் அடர்த்தியானது. இன்டெல் நான்காம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் இந்த இரண்டாம் வகையைப் பெரும்பாலும் ஏற்காது. ராம் நல்ல ராம்தான், லேப்டாப்பும் நல்ல லேப்டாப்தான், ஆனாலும் இரண்டும் ஒத்துப்போகாது.

எஸ்எஸ்டி சுலபம். பழைய லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. 240 அல்லது 256 ஜிபி பெரும்பாலானவர்களுக்குப் போதும். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கலாம், எஸ்எஸ்டி 7 தான். இடைவெளிக்கு வைக்கும் பிளாஸ்டிக் சட்டம் டப்பாவில் இருக்கிறதா கேளுங்கள். கொஞ்சம் புதிய லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் இருந்தால் அது சாட்டாவா, என்விஎம்இயா என்று மேனுவலில் பார்த்த பிறகே வாங்குங்கள். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இ போட்டால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது.

உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. அங்கே போவதானால் லேப்டாப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். ராமை அங்கேயே போட்டு ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள், பில் இல்லாவிட்டால் வாரன்டி வெறும் வாய்ச்சொல். வேறு மெஷினிலிருந்து கழற்றிய ராம் வாங்கலாம், தப்பில்லை. கழற்றிய எஸ்எஸ்டி வேண்டாம். ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு '2 டிபி' என்று வருபவை பக்கம் போகவே போகாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துப் பெரிய எண்ணைக் காட்டும்படி செய்திருப்பார்கள்.

## திறக்கும் முன் நகல்

பட்டுத் தறி வைத்திருக்கும் காஞ்சிபுரத்துக்காரருக்கு இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். உங்கள் லேப்டாப்பில் ஜக்கார்டு அட்டை குத்துவதற்கான கிராப் ஃபைல்கள் இருக்கலாம். பார்டர், முந்தி, புட்டா என்று பல ஆண்டு டிசைன்கள். அந்தப் படத்தில் ஒவ்வொரு கட்டமும் ஓர் ஊசி தூக்குவதா, தூக்காமல் விடுவதா என்ற கணக்கு.

அதை வாட்ஸ்அப்பில் போட்டோவாக மகனுக்கு அனுப்பிவிட்டு 'பேக்கப் எடுத்துட்டேன்' என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். பிஎம்பி ஃபைல் ஜேபெக் ஆகிவிடும், கட்டங்களின் ஓரத்தில் ஒன்றோடொன்று கலந்த நிறங்கள் முளைக்கும். பார்வைக்கு டிசைன் அப்படியே இருக்கும், அட்டை குத்தத்தான் உதவாது. பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். அனுப்பியே தீர வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். காப்பி செய்த பின் வேறு கம்ப்யூட்டரில் நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

டிசைன் மென்பொருள் காசு கொடுத்து வாங்கியதா? சிலவற்றுக்கு யுஎஸ்பி டாங்கிள் இருக்கும், கவலையில்லை. லைசென்ஸ் ஹார்ட் டிஸ்க்கோடு கட்டப்பட்டிருந்தால் டிஸ்க் மாறியதும் அது பூட்டிக்கொள்ளும். விற்றவருக்கு முன்கூட்டியே போன் செய்து கேளுங்கள்.

அடுத்து ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் நீலத்தில் 'குட்' என்று காட்டும். மஞ்சளில் 'காஷன்' அல்லது சிவப்பில் 'பேட்' என்றால் குளோன் (டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுப்பது) செய்ய முயல வேண்டாம். சாகப்போகிற டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓட வைப்பது அது. முக்கியமான ஃபைல்களை மட்டும் முதலில் எடுத்துவிட்டு நிறுத்துங்கள்.

## குளோனா, புது இன்ஸ்டாலா?

டிஸ்க் நன்றாக இருந்து, எல்லாம் இருந்தது போலவே இருக்க வேண்டுமென்றால் குளோன். இதை லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டும்.

1. சாட்டா-யுஎஸ்பி கேபிள் அல்லது கேசிங் ஒன்று வாங்கி எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணையுங்கள். பிறகும் பயன்படும், வீண் செலவு இல்லை.
2. பழைய டிஸ்க்கில் நிரம்பியிருக்கும் அளவு எஸ்எஸ்டியின் கொள்ளளவுக்குள் அடங்க வேண்டும். சினிமாக்களை நகர்த்தி இடம் பண்ணுங்கள்.
3. எஸ்எஸ்டி கம்பெனி தரும் இலவச குளோன் மென்பொருள் இருந்தால் அது, இல்லாவிட்டால் (எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கை விடச் சிறியதாக இல்லாத பட்சத்தில்) குளோனசில்லா.
4. 'சோர்ஸ்' என்பது பழைய டிஸ்க். 'டெஸ்டினேஷன்' என்பது புது எஸ்எஸ்டி. கொள்ளளவையும் கம்பெனிப் பெயரையும் உரக்கப் படித்துச் சரிபார்த்த பிறகே 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். இது தலைகீழானால் காலி டிஸ்க் நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதிவிடும், மீட்பு கிடையாது.
5. சார்ஜரை மாட்டியே வையுங்கள். பழைய பேட்டரியை நம்பி, கரன்ட் போகும் நேரத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

என் விருப்பம் புது இன்ஸ்டால். பத்து ஆண்டுக் குப்பையைப் புது டிஸ்க்குக்கு ஏன் குடிபெயர்க்க வேண்டும்? ஆனால் எதைப் போடுவது என்பதில் ஒரு சிக்கல். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. 2011, 2014 காலத்து லேப்டாப்பில் அது முறைப்படி ஏறாது. பில், மெயில், யூடியூப், லிப்ரே ஆஃபீஸ் போதும் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 4 ஜிபியிலும் இலகுவாக ஓடும். எல்காட் லேப்டாப்புகளிலேயே விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்தது. அதை அன்று திறந்து பார்த்தவர்கள் குறைவு. டிசைன் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்பவர்கள் விண்டோஸிலேயே இருங்கள். அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை மட்டும் வேண்டாம்.

## எங்கே உட்கார்ந்து திறப்பது

தறி இருக்கும் அறையில் திறக்காதீர்கள். தூசு ஒரு காரணம்தான். பெரிய காரணம் ஜரிகை. அசல் ஜரிகை என்பது பட்டு நூல் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. கரன்ட் கடத்தும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு போர்டின் இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தால் ஷார்ட். மடியிலும் முழங்கையிலும் ஒட்டியிருப்பதைத் தட்டிவிட்டு, சட்டை மாற்றி, வேறு அறைக்குப் போங்கள்.

பட்டும் பாலியெஸ்டரும் உடுத்திக்கொண்டு வேண்டாம். உரசும் பட்டில் நிலைமின்சாரம் ஏறும். நமக்கு உறைக்காத அளவே ராம் சில்லைக் கொன்றுவிடும். பருத்தி வேட்டி, பருத்தி நைட்டி எதுவானாலும் சரி. வெறும் தரையில் அல்லது மர மேசையில் வெளிர்நிறப் பருத்தித் துணி விரியுங்கள், ஸ்குரூ விழுந்தால் தெரியும். வேலை தொடங்கும் முன்பும், எழுந்து போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பி போன்ற பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள்.

## திறப்பது

1. ஷட் டவுன் செய்யுங்கள். மூடி வைத்தால் தூங்கத்தான் செய்யும், அணையாது.
2. சார்ஜர், மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் எடுங்கள்.
3. பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அழுத்தவோ, குத்தவோ, நெம்பவோ கூடாது; தீப்பிடிக்கும். சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள்.
4. பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். தங்கியிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.
5. பழைய மாடல்களில் அடியில் சின்னக் கதவு இருக்கும், ஓரிரு ஸ்குரூதான். புதியவற்றில் அடிமூடி முழுதும் கழலும். ரப்பர் பாதங்களுக்கு அடியிலும் ஸ்குரூ ஒளிந்திருக்கும்.
6. ஸ்குரூக்கள் ஒரே நீளம் அல்ல. வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, எடுத்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் செலோடேப்பால் ஒட்டுங்கள். குட்டையானது இருந்த இடத்தில் நெட்டையைப் போட்டு முறுக்கினால் அது போர்டில் போய்க் குத்தும்.
7. மூடி வரவில்லை என்றால் ஒரு ஸ்குரூ பாக்கி என்று பொருள். கத்தி வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து மெல்ல நகர்த்துங்கள்.
8. உள்ளே இருக்கும் பேட்டரி என்றால், மூடி வந்தவுடன் முதல் வேலை அதன் கனெக்டரை எடுப்பது. ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கனெக்டரை நகத்தால் தள்ளுங்கள்.

திறந்த கையோடு ஃபேனில் அடைந்திருக்கும் பஞ்சை எடுத்துவிடுங்கள். இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும்.

## ராம் போடுவது

பழைய ராமின் இரு பக்கமும் உள்ள உலோகக் கவ்விகளை ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் விரியுங்கள். ராம் தானாகச் சரிந்து எழும். அந்தச் சரிவிலேயே உருவுங்கள். புதியதின் பள்ளத்தை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, சுமார் 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். தங்க நிறப் பற்கள் கிட்டத்தட்ட மறைய வேண்டும். பாதி தெரிந்தால் இன்னும் போகவில்லை. பிறகு கீழே அழுத்தினால் இரண்டு கவ்வியும் 'டக்' என்று பிடிக்கும். தங்கப் பற்களை விரலால் தொடாதீர்கள்.

4 ஜிபியும் 8 ஜிபியும் கலந்து போடலாம். வேகம் மட்டும் இரண்டில் குறைந்ததற்கு இறங்கும்.

## எஸ்எஸ்டி மாற்றுவது

ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் இருக்கும். சட்டத்தின் ஸ்குரூவை எடுத்து, டிஸ்க்கைக் கனெக்டரிலிருந்து நேர்க்கோட்டில் பின்னுக்கு நகர்த்துங்கள். மேல்நோக்கித் தூக்கினால் கனெக்டர் உடையும். சட்டத்தை எஸ்எஸ்டிக்கு மாற்றி, அதே பாதையில் முன்னுக்குத் தள்ளுங்கள்.

## ஆன் செய்யும்போது

எல்லா ஸ்குரூவையும் போட்டு முடிக்காதீர்கள். மூடியைப் பொருத்தி இரண்டு ஸ்குரூ மட்டும் போட்டு, பேட்டரியை (உள்ளே இருப்பது என்றால் மூடும் முன்பே) இணைத்து ஆன் செய்து பாருங்கள்.

திரை இருட்டு, ஃபேன் ஓடுகிறது: ஒரு நிமிஷம் பொறுங்கள். புது ராமை லேப்டாப் அளந்து பார்க்கும் நேரம் அது. அப்போதும் வரவில்லை, அல்லது 'பீப் பீப்' என்கிறது என்றால் அணைத்து, பேட்டரியை எடுத்து, ராமைக் கழற்றி மறுபடி போடுங்கள். பத்தில் எட்டு முறை சரியாக உட்காராததுதான் கோளாறு என்பார்கள் சர்வீஸ்காரர்கள். பிறகு ஒரு ராமை மட்டும் வைத்து, ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ராம் பாதிதான் காட்டுகிறது: 32-பிட் விண்டோஸ், அல்லது முன்னே சொன்ன அந்த 1ஆர்எக்ஸ்8.

'பூட் டிவைஸ் இல்லை': விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் பூட் வரிசையில் மேலே ஏற்றுங்கள். தெரியாவிட்டால் கனெக்டர் சரியாக உட்காரவில்லை.

நீலத் திரை: குளோன் செய்தவர்கள் பயாஸில் 'ஐடிஇ', 'ஏஎச்சிஐ' என்ற இடத்தை மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள். புது இன்ஸ்டால் செய்கிறவர்கள் தொடங்கும் முன்பே ஏஎச்சிஐ வைத்துவிட வேண்டும்.

எல்லாம் வந்துவிட்டால் தேடல் பெட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தட்டி ஒரு சோதனை ஓட்டுங்கள். லினக்ஸ்காரர்கள் மெம்டெஸ்ட்86-ஐ இரவு முழுக்க ஓட விடலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் ராமைக் கடையில் திருப்புங்கள். இது தேறிய பிறகு மீதி ஸ்குரூ.

## கழற்றியவற்றை என்ன செய்வது

'குட்' என்று காட்டிய ஹார்ட் டிஸ்க்கை அந்த யுஎஸ்பி கேசிங்கில் போட்டு டிசைன்களின் இரண்டாவது நகலாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள். முதல் ஒரு மாதம் அதில் எதையும் அழிக்க வேண்டாம். புதியதில் விட்டுப்போனது ஏதாவது அதற்குள் நினைவுக்கு வரும்.

யாருக்காவது கொடுப்பதானால் 'டெலீட்' செய்தது போதாது, 'குவிக் ஃபார்மட்'டும் போதாது. ஃபைல்கள் உள்ளேயே இருக்கும், மீட்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விண்டோஸில் ஃபார்மட் செய்யும்போது 'குவிக்' கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். மணிக்கணக்கில் ஆகும், டிஸ்க் முழுவதிலும் பூஜ்ஜியம் எழுதும். படிக்கவே முடியாமல் செத்துப்போன டிஸ்க்கைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடும் முன், கேசைத் திறந்து உள்ளிருக்கும் தட்டில் ஆழமாகக் கீறிவிடுங்கள். சில டிஸ்க்குகளில் அந்தத் தட்டு கண்ணாடி. கண்ணுக்குப் பாதுகாப்பாக ஏதாவது போட்டுக்கொண்டு, துணியால் மூடிய பிறகே கை வையுங்கள்.